சிவப்பு நூலுக்கு அந்தப் பக்கம்

குடையை எங்கே வேண்டுமானாலும் உதறலாம். பஸ்ஸில் உதறலாம், டீக்கடை வாசலில் உதறலாம், பிடிக்காத சொந்தக்காரர் மேல்கூட உதறலாம். கஞ்சி போட்ட பாவுக்குப் பக்கத்தில் நின்று மட்டும் உதறக் கூடாது. தசரதனுக்கு அது தெரியாது. பாவம், அவனுக்கு அன்றைக்குத்தான் முதல் நாள்.

1988, ஐப்பசி மாத அடைமழை. பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் பின்னால் இருந்த நெசவாளர் சங்கத்தின் பயிற்சிக் கொட்டகைக்குள் அவன் நுழைந்தான், குடையை மடக்கினான், ஒரே உதறு. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல்கள் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் விழுந்தது. அந்தப் பாவைப் பிணைக்க இரண்டு நாள் குனிந்த கழுத்தை நிமிர்த்தாமல் உழைத்திருந்தவள் தறியிலிருந்து மெல்லத் திரும்பினாள்.

அவன் முதலில் பார்த்தது அந்தக் கண்களைத்தான். கோபத்தில் இன்னும் கொஞ்சம் அகலமாகிவிட்ட கண்கள்... வெளியே கொட்டுகிற மழையெல்லாம் எங்கேயோ தூரத்தில் பெய்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. திட்டு விழப்போகிறது என்று தெரிந்தும் ஒருவனுக்குச் சந்தோஷமாக இருக்குமா? இருந்தது.

"யோவ்... கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"தண்ணிதானேம்மா... காஞ்சிடும்."

"காயும். காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டினா அறும். அறுந்தா நீயா வந்து முடி போடுவே?"

"சொல்லிக்குடு, போடறேன்" என்றான் அவன், ரொம்ப சாதாரணமாக.

அவள் முந்தானையை எடுத்து ஈர நூல்களை ஒற்றத் தொடங்கினாள். அவன் குரலில் கேலியே இல்லாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அவள் பெயர் பேபி. சிரிக்காதீர்கள், ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டிலும் அதே பெயர்தான். நூம்பலைச் சேர்ந்தவள், வயது இருபத்திரண்டு. அப்பா கன்னியப்பன் ஒரு காலத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர், இப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். சங்கத்தில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, கடைசியில் தேறினவர்களை உறுப்பினராக்கி ஆளுக்கொரு தறி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பேபி யாரையும் கேட்காமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். தேறாவிட்டால் என்ன என்பதும் வீட்டில் முடிவாகியிருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற அக்கா பொன்னியம்மாவுக்கு இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். பேபி அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா நல்லவள்தான், குழந்தைகளும் செல்லங்கள்தான். ஆனால் அங்கே போனால் தன் பெயரில் ஒன்றுமே இருக்காது என்பது பேபிக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு தறி. தன் கையால் ஜெயித்து, தன் பெயருக்கு வந்த ஒரு தறி.

பயிற்சியாளர் ஜமீலா பேபியைவிட ஆறேழு வயதுதான் பெரியவள், அதட்டல் மட்டும் அறுபது வயதுக்குரியது. அவள் வந்து பார்த்தாள், ஈரப் பாவைப் பார்த்தாள், இரண்டு முகங்களையும் பார்த்தாள். பிறகு, பேபி கொஞ்சமும் எதிர்பார்க்காததைச் சொன்னாள். பயிற்சிக்கு நாலு தறிதான் இருக்கிறது, எட்டுப் பேர் கற்றுக்கொள்ள வேண்டும், ஆகவே ஒரு தறிக்கு இரண்டு பேர். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை பேபி. ஒன்றிலிருந்து ஐந்து வரை இந்தக் குடைக்காரர்.

தசரதன் வேப்பம்பட்டுக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஐந்து வருஷம் சம்மட்டி பிடித்தவன். பட்டறையை ஒருநாள் பூட்டிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தான். அவன் அம்மா முத்தம்மாளுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை நூல் இழுக்கிறதாவது என்று அவள் தெருவெல்லாம் அங்கலாய்த்தாள். அவனுக்கோ கொட்டகை பிடித்துப்போயிற்று. சம்மட்டிச் சத்தத்தில் கத்திப் பேசியே பழகினவன், இங்கே தன் குரலே தனக்குக் கேட்கிறது என்று ஆச்சரியப்பட்டான்.

ஆனால் சம்மட்டி அவன் கையைவிட்டுப் போகவில்லையே! குறுக்கே ஒவ்வொரு இழை ஓடினதும் அச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடித்து நெருக்க வேண்டும். அவன் அடித்தால் துணி கோணிச் சாக்கு மாதிரி வந்தது. பேபி அடித்தால் கொசுவலை மாதிரி வந்தது. ஒருவர் முடித்து மற்றவர் உட்காரும்போது எல்லைக்கு ஒரு சிவப்பு நூல் ஓட்ட வேண்டும் என்பது ஜமீலாவின் சட்டம். சிவப்பு நூலுக்கு இந்தப் பக்கம் கொசுவலை, அந்தப் பக்கம் கோணி. பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

ஜமீலா சிரிக்கவில்லை. கடைசிப் பரீட்சையில் ஒரு தறிக்கு ஒரே துணிதான், அதில் பாதி அவள் கை, பாதி இவன் கை என்றாள். இழை எண்ணும் கண்ணாடியை எங்கே வைத்தாலும் அங்குலத்துக்கு நாற்பத்துநாலு இழை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். ஆகவே பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை, சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கொடுத்து, ஒருவர் நெய்ய மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது... அந்த அரை மணி நேரம்.

முதல் வாரம் இருவரும் பேசவில்லை. பேபி நெய்வாள், அவன் சும்மா உட்கார வேண்டாமே என்று ராட்டையில் தாருக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பான். குறுக்கே நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவுக்குள் மாட்டுகிற அந்தச் சின்னத் தார்க்கட்டைகளை அவன் சுற்றினால் வெண்டைக்காய் மாதிரி ஒரே சீராக இருக்கும். மறுநாள் காலையில் அவள் வரும்போது தட்டு நிறைய அடுக்கி வைத்திருப்பான். அவள் அதற்கு நன்றி சொன்னதில்லை. ஆனால் எண்ணிப் பார்க்காமலும் இருந்ததில்லை.

இரண்டாவது வாரம் அவன்தான் தோற்றான். "நீ அடிக்கறப்போ டொக்... டொக்னு வருது. நான் அடிச்சா டமார்னு வருது. இன்னா பண்றே நீ?" என்று கேட்டான். தோளை விடு, மணிக்கட்டால் இழு என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் இழுக்கிறபோது பார்த்தாள். அத்தனை பெரிய கை, பயந்து பயந்து அந்தப் பலகையைத் தொட்டது. பேபிக்குச் சிரிப்பு வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அவள் கொஞ்சம் அழுத்தக் கற்றாள், அவன் கொஞ்சம் விடக் கற்றான். பொங்கல் முடிந்து வந்தபோது சிவப்பு நூலுக்கு இரண்டு பக்கமும் துணி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அக்கா வீட்டுக் கதையை ஒருநாள் அவள் அவனிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அன்றைக்கு பஸ்ஸில் வேலப்பன்சாவடி தாண்டும்வரை யோசித்தாள். யாரிடமும் சொல்லாததை இவனிடம் ஏன்... யோசித்ததில் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கையே தவறவிட்டாள் என்பது வேறு விஷயம்.

அவளிடம் ஒரே ஒரு குறை போகவில்லை. அவ்வப்போது துணியின் இடது கரையில் நூல் தளர்ந்து, குழந்தையின் காது மாதிரி ஒரு சின்ன வளையம் வெளியே நீட்டிக்கொள்ளும். எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்று அவளுக்கே புரியவில்லை. ஜமீலா அதை எல்லார் முன்னிலும் தூக்கிக் காட்டி, கம்மல் வாங்கிப் போட்டுவிடு என்று சொன்ன அன்று பேபி சாப்பிடவில்லை. தசரதன் அன்று நூல் சுற்றிக்கொண்டே இருந்தான்.

பங்குனியில் பரீட்சைத் துணி தறியில் ஏறியது. முக்கால்வாசி முடிந்திருந்தபோது பேபிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் பாயைவிட்டு எழ முடியவில்லை. நாலாம் நாள் காது அடைக்க, கால் தள்ளாட பஸ் ஏறி வந்தாள். இனி இரண்டு நாள்தான் பாக்கி, விட்டுப்போன மூன்று காலையை எப்படிப் பிடிப்பது என்ற ஒரே கவலை.

வந்து பார்த்தால், பிடிக்க ஒன்றும் இல்லை. துணி வளர்ந்திருந்தது. அவன் பங்கு மட்டுமல்ல, அவள் பங்கும். சிவப்பு நூல்களை எண்ணினாள், மூன்று நாளும் இரண்டிரண்டு. அவள் வராத காலைகளில் பதினொரு அங்குலம் நெய்யப்பட்டிருந்தது. தன் அடியேதான்... தன் நெருக்கமேதான். ஒரு நிமிஷம், காய்ச்சலில் நாமே வந்து நெய்துவிட்டுப் போனோமோ என்றுகூடத் தோன்றியது. பிறகு இடது கரையைத் தடவினாள்.

காது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஜமீலா நூல் எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்த மூன்று நாளில், முதல் ரயிலைப் பிடித்து வந்து தசரதன் செய்த காரியம் அது. மத்தியானம் அவன் வந்ததும் அவள் தறியைவிட்டு எழுந்து நின்றாள்.

"இது யார் வேலை?"

"உனக்குக் கொறஞ்சிடக் கூடாதுன்னுதான்..."

"காது?"

"அது இல்லாட்டி ஜமீலாக்கா கண்டுபுடிச்சிடும் பேபி. உன் கை மாதிரியே இருக்கணுமில்ல?"

பேபிக்கு முகமெல்லாம் கொதித்தது. காய்ச்சலால் அல்ல. ஊரே பார்த்துச் சிரித்த என் குறையை இவன் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான்! செய்து வேறு காட்டியிருக்கிறான்! எத்தனை நாள் மனசுக்குள் சிரித்திருப்பான்... நாளைக்குத் தறி கிடைத்தாலும் அது யார் தறி? என் பெயரில் ஒன்று வேண்டும் என்று இவனிடம்தானே சொன்னேன், இவனுக்கே அது புரியவில்லையே!

"எனக்காக யாரும் நெய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டு, அவன் தடுப்பதற்குள் ஜமீலாவிடம் போனாள். இந்தத் துணியில் பதினொரு அங்குலம் என் கை இல்லை, பிரித்துவிட்டு மறுபடி நெய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டாள். ஜமீலா கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், நிமிர்ந்தாள், நம்பமுடியாமல் மறுபடி குனிந்தாள். அப்புறம் கேட்டாள்: "யார் நெய்தது?"

அந்தக் கேள்வி வரும் என்று பேபி யோசிக்கவே இல்லை. அடுத்தவர் பங்கை நெய்கிறவர் பெயர் பேரேட்டிலிருந்து அடிக்கப்படும் என்பது முதல் நாளே சொன்ன சட்டம்.

"நான்தான்க்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சட்டம் சட்டம்தான். ஜமீலா வருத்தத்தோடுதான் பேரேட்டில் அவன் பெயரை அடித்தாள், பிரித்ததையும் அவன் பாக்கிப் பங்கையும் இனி பேபியே நெய்யட்டும் என்று அனுமதி கொடுத்தாள். தசரதன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான், பேபியின் பக்கம் ஒரு தரம் பார்த்தான், போய்விட்டான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அவன் அப்படிப் பார்க்கவில்லை.

அவள் பிரிக்க உட்கார்ந்தாள். ஒரு இழை, காலால் ஒரு மிதி, ஒரு இழை, ஒரு மிதி... நெய்கிறதைவிடப் பிரிக்கிறது பெரிய பாடு. முதல் காது வந்தது. நூலை இழுத்தாள். அதற்கு முந்தின இழையில் பழைய தார் முடிந்து புதுத் தார் தொடங்கியிருந்தது. சரி என்று மேலே போனாள். இரண்டாவது காது. அங்கேயும் அப்படியே, புதுத் தார் போட்ட நாடாவின் முதல் வீச்சு. பேபியின் கை நின்றது. மூன்றாவதையும் நாலாவதையும் அவசரமாகப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் அதே இடத்தில்தான்.

புதுத் தார் மாட்டினதும் முதல் வீச்சை நான் பயந்து மெதுவாக வீசுகிறேன்... அதனால்தான் நூல் தளர்கிறது. ஆறு மாதமாக எனக்குத் தெரியவில்லை, ஜமீலாக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றினவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிரிக்கிறவன் இப்படிப் பார்ப்பானா? ஒருத்தியின் கையை இத்தனை பொறுமையாக, இத்தனை நாள், ஒருவன் எதற்காகப் பார்ப்பான்?

பிரித்த நூலை மடியில் வைத்துக்கொண்டு பேபி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுத் தாரை மாட்டி முதல் வீச்சைத் தைரியமாக வீசினாள். காது விழவில்லை. இரண்டு நாளில், அவன் மத்தியானங்களையும் சேர்த்து, இருட்டின பிறகும் உட்கார்ந்து, பிரித்ததையும் பாக்கியையும் நெய்து முடித்தாள்.

பாஸ். சங்கத்து உறுப்பினர் தறிகளில் ஏழாம் நம்பர் தறி அவளுக்கு. ஜமீலா சீட்டை நீட்டினபோது பேபி வாங்கிக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. தசரதனுக்கு இனி வழியே இல்லையா என்று கேட்டாள். தனித் தறிக்கு இல்லை என்று ஜமீலா சொன்னாள். அவன் மறுபடி அம்பத்தூரில் வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னாள். பிறகு பேரேட்டை மூடிக்கொண்டே, கொட்டகைக் கோடியில் துணி போர்த்தி நிற்கிற அகலத் தறியைப் பற்றிச் சொன்னாள். பெட்ஷீட் நெய்கிற தறி அது. இரண்டு பேர் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒருவர் வீசுகிற நாடாவை மற்றவர் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். ஒருவர் உறுப்பினராக இருந்தால் போதும், கூட உட்காருகிறவருக்கு அவர்தான் பொறுப்பு. முன்பு அறிமுகமில்லாத இரண்டு பேருக்குக் கொடுத்து, அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்ததில் பாதித் துணி ஒரு வருஷம் தறியிலேயே தொங்கியது. அன்றிலிருந்து ஒரே வீட்டு ஆட்களுக்குத்தான். கூடவந்தவர் எழுந்து போனால் இருவருக்கும் தறி கிடையாது.

"உனக்கு யாராச்சும் இருந்தா சொல்லு" என்றாள் ஜமீலா. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பேபி ஏழாம் நம்பர் சீட்டைப் பார்த்தாள். ஆறு மாதம் இதற்காகத்தான். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, அகலத் தறிக்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலம் அவள் முதன்முறையாகத் திருநின்றவூரைத் தாண்டிப் போனாள். வேப்பம்பட்டு ஸ்டேஷனில் வெயில் இன்னும் தாழவில்லை. ஐந்தரை வண்டியிலிருந்து கையெல்லாம் கிரீஸாக தசரதன் இறங்கினான், அவளைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். பின்னால் இறங்கியவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னா பேபி... வழி தப்பி வன்ட்டியா?"

"தறி குடுத்தாங்க. ஏழாம் நம்பரு."

"தெரியும், நீ பாஸ் பண்ணுவே." அவன் முகம் உண்மையாகவே மலர்ந்தது.

"வேணாம்னுட்டேன்."

மலர்ந்த முகம் சுருங்கியது. பைத்தியமா உனக்கு என்று தொடங்கி அவன் என்னென்னவோ சொன்னான். அவள் காத்திருந்தாள். அவன் மூச்சு வாங்கியதும் கேட்டாள்.

"புதுத் தார் மாட்டினா எனக்கு மொத வீச்சு தளருது. உனுக்கு எப்போ தெரியும்?"

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டாம் மாசம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவே." கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான், அது இன்னும் அழுக்காயிற்று. "மத்யானம் வந்து உக்காந்ததும் அந்தக் காதை ஒருவாட்டி தடவிப் பாத்துட்டுத்தான் நான் வேலையே ஆரம்பிப்பேன். அதுவும் பூட்டா, அப்பால துணியில எது உன் கை, எது என் கைன்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது? தப்புதான். சொல்லியிருக்கணும்."

வண்டி கிளம்பிப் போய்விட்டது. பிளாட்பாரத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். கோபப்படலாமா என்று பேபி ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். வரவில்லை, என்ன செய்வது! பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவன் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்தான். அகலத் தறி... உறுப்பினர் பெயர், கே. பேபி... உடன் நெய்பவர் பெயர், தசரதன். அதற்குக் கீழே வந்து நின்றான்.

"உறவுன்னு ஒரு கட்டம் கீது. காலியா கீதே?"

"நீ எழுதுவேன்னு உட்டேன்."

"இன்னான்னு எழுத?"

"அண்ணன்னு எழுதிப் பாரு, அடுத்த வண்டியில திரும்பிடறேன்."

அவன் சிரிக்கவில்லை. அவன் குரல் இறங்கியது. "எங்கம்மா ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசாது பேபி."

"எங்கப்பா ரெண்டு மாசம் பேசாது." அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். கண்ணைத் தாழ்த்தவில்லை. "எனக்குன்னு ஒரு தறி, நான் மட்டும் உக்கார்ற தறி... அது போதும்னுதான் அங்க வந்தேன். கெடச்சுது. கையில வாங்கிப் பாத்தேன், போதல. நீ பக்கத்துல வேணும்."

தசரதன் பேனாவை வாங்கினான். ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்சில் காகிதத்தை வைத்து, மண்டியிட்டு, சம்மட்டி பிடித்த கையால் மெதுவாக, அழுத்தாமல் எழுதினான். அவள் எட்டிப் பார்த்தாள். கணவர் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கிரீஸ் கறை.

"கீழ தேதி கேக்குதே?" என்றான், நிமிராமலே.

"வைகாசி வரட்டும்" என்றாள் பேபி. "தேதியை அப்பால போட்டுக்கலாம்."